பன்னிரண்டு நாளில் ஊருக்குப் பயணம்: டைபாய்டு தடுப்பூசியை இப்போது போட்டுக்கொண்டால் பயன் உண்டா?

செந்தூல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். இன்னும் 12 நாள்களில் நாங்கள் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம் ஏறுகிறோம். முசிறிக்கு அப்பால் எங்கள் தாத்தாவின் கிராமத்தில் குலதெய்வப் பூசை நடக்கிறது. அதை முடித்துக்கொண்டு பழனி, திருச்செந்தூர் என்று சில கோயில்களுக்கும் போய், மூன்று வாரம் கழித்துத் திரும்புவதாக ஏற்பாடு. பயணச்சீட்டு, விசா எல்லாவற்றையும் நான்கு மாதத்திற்கு முன்பே முடித்துவிட்டேன். தடுப்பூசியைப் பற்றி மட்டும் இந்த வாரம் ஒரு தோழி கேட்கும் வரை எனக்கு நினைவே வரவில்லை. அதை எண்ணி வருந்துகிறேன்.

செல்பவர்கள் நான்கு பேர். அப்பாவுக்கு வயது 72, நீரிழிவு இருக்கிறது, வயிற்றெரிச்சலுக்காகப் பல ஆண்டுகளாக ஓமிப்ரசோல் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். என் மகனுக்கு 9 வயது. மகளுக்கு ஒரு வயது ஐந்து மாதம், இன்னும் தாய்ப்பால் குடிக்கிறாள். நான் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்தபோது டைபாய்டு ஊசி போட்டிருக்கிறேன். அந்த அட்டை இன்னும் கையில் இருக்கிறது.

அருகில் உள்ள கிளினிக்கில் விசாரித்தேன். பயணத்திற்கு இரண்டு வாரத்திற்கு முன்பே போட்டிருக்க வேண்டும் என்றும், சின்னவளுக்குப் போட முடியாது என்றும் பணிப்பெண் சொன்னார். அதற்கு மேல் கேட்க அங்கே நேரம் கிடைக்கவில்லை. இரண்டு வாரத்திற்கு இரண்டு நாள் குறைவாக இருப்பதால் ஊசி வீணாகிவிடுமா? எனக்குப் பழைய ஊசியே போதுமா? திருச்சி விமான நிலையத்தில் ஊசி போட்டதற்கான சான்றிதழ் கேட்பார்களா?

அப்பாவோ ஊசியே வேண்டாம் என்கிறார். "என் அப்பா அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தார், நமக்கு என்ன வந்துவிடும்?" என்பது அவருடைய வாதம். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் பேராக்கில் ஒரு தோட்டத்தில். அந்த ஊருக்கு வாழ்நாளில் இருமுறைதான் போயிருக்கிறார். அவர் மனம் நோகாமல் இதை எப்படி எடுத்துச் சொல்வது என்றும் தெரிந்தவர்கள் கூறுங்கள்.

பட்டர்வொர்த் தாதி:

வணக்கம் சகோதரி. நான் 31 ஆண்டுகள் தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். உங்களைப் பார்த்துப் பரிசோதிக்கும் மருத்துவரின் சொல்லே முடிவானது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

முதலில் நாள் கணக்கு. பெரும்பாலான கிளினிக்குகளில் போடப்படுவது ஒரே தவணையில் முடியும் 'வி.ஐ.' வகை ஊசி. கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு சர்க்கரைப் பொருளை மட்டும் பிரித்தெடுத்துச் செய்யப்படுவது அது. அதில் உயிருள்ள கிருமி எதுவும் கிடையாது. அது தரும் பாதுகாப்பு ஏறத்தாழ ஏழு நாளில் தொடங்கி, நான்கு வாரம் வரை வலுத்துக்கொண்டே போகும். இரண்டு வாரத்திற்கு முன்பு போடுங்கள் என்று சொல்வது, விமானம் ஏறும் நாளில் உடல் நல்ல தயார்நிலையில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். பதினான்காம் நாளில் ஒரு கதவு சாத்தப்பட்டுவிடுகிறது என்பதற்காக அல்ல. நீங்கள் மூன்று வாரம் தங்கப் போகிறீர்கள். நாளையே போட்டுக்கொண்டால் கிராமத்தில் இருக்கும் நாள்களில் பெரும்பகுதிக்கு அது துணை நிற்கும். ஆகவே, தயங்காமல் நாளைக் காலையே செல்லுங்கள்.

வாய்வழியாக விழுங்கும் மாத்திரை வடிவத் தடுப்பு மருந்தைப் பற்றி யாராவது சொல்லக்கூடும். அது ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்துக்கொள்ள வேண்டியது; நான்கு மாத்திரைகளை முடிக்கவே ஒரு வாரம் ஆகும், அதன் பிறகு இன்னும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். உங்கள் கால அளவுக்குள் அது அடங்காது.

உங்கள் பழைய ஊசி போதாது. அதன் வலிமை காலப்போக்கில் குறைவதால், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் போடச் சொல்வது வழக்கம்; அமெரிக்காவில் இரண்டு ஆண்டு என்றே கணக்கிடுகிறார்கள். ஐந்து ஆண்டு ஆகிவிட்டதால் நீங்களும் புதிதாகத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். மகனுக்கு 9 வயது என்பதால் தடையில்லை.

அப்பாவைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. நாம் விழுங்கும் கிருமிகளில் பெரும்பகுதியை இரைப்பையில் சுரக்கும் அமிலமே கொன்றுவிடுகிறது. உடம்பின் முதல் காவல் அதுதான். ஓமிப்ரசோல் அந்த அமிலத்தைக் குறைப்பதற்காகவே கொடுக்கப்படும் மருந்து. ஆகவே, மற்றவரை ஒன்றும் செய்யாத சிறு அளவுக் கிருமியும் அவரை வீழ்த்தக்கூடும். அதற்காக மாத்திரையை அவராக நிறுத்திவிடக் கூடாது. அதை எதற்காகக் கொடுத்தார் என்பது அவருடைய மருத்துவருக்குத்தான் தெரியும். நீரிழிவு இந்த ஊசிக்குத் தடையில்லை. அன்று காய்ச்சல் இல்லாமல் இருந்தால் போதும். கையில் ஓரிரு நாள் வலியும், சிலருக்கு இலேசான உடல்சூடும் தலைவலியும் வரும்.

குழந்தையின் விஷயத்தில் அந்தப் பணிப்பெண் சொன்னது சரியே. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் உடல் இந்த வகை ஊசிக்குப் போதிய எதிர்ப்புச் சக்தியை உண்டாக்குவதில்லை. ஆனால், அதே பொருளை ஒரு புரதத்தோடு இணைத்துச் செய்யப்படும் புதிய வகை ஒன்று இருக்கிறது. அதை ஆறு மாதக் குழந்தைக்குக்கூடப் போடலாம். ஹைதராபாத்தில் தயாராகும் அத்தகைய ஊசிக்கு உலகச் சுகாதார நிறுவனம் ஒப்புதல் வழங்கி, பாகிஸ்தான் 2019இல் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசித் திட்டத்திலேயே அந்த வகையைச் சேர்த்துவிட்டது. குழந்தைநல மருத்துவர்களைத் தொலைபேசியில் அழைத்து, இணைப்பு வகை டைபாய்டு ஊசி இருப்பில் உள்ளதா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கிடைக்காவிட்டால் தாய்ப்பாலை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவளுக்கு அதைவிடப் பாதுகாப்பான பானம் அந்தப் பயணத்தில் வேறில்லை.

சான்றிதழை யாரும் கேட்க மாட்டார்கள். சில நாடுகளிலிருந்து வருபவர்களிடம் கேட்கப்படுவது மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கான சான்றிதழ்; அந்தப் பட்டியலில் மலேசியா இல்லை. கேட்க மாட்டார்கள் என்பதாலேயே நம் மக்கள் பலர் இந்த ஊசியை மறந்துவிடுகிறார்கள் என்பது என் பல ஆண்டு வருத்தம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஊசி பத்துப் பேரில் ஐந்து முதல் எட்டுப் பேரைக் காக்கும் என்பதே பொதுவான மதிப்பீடு. பாராடைபாய்டு என்ற தங்கைக் காய்ச்சலை இது தடுக்காது. அழுக்கு நீரில் கிருமி மிகுதியாக இருந்தால் ஊசியின் காவலையும் மீறிக்கொண்டு நோய் வரும். ஆகவே ஊசியைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் கவனக்குறைவாக இருப்பதும் தவறு. தண்ணீரில் கவனமாக இருப்போம் என்று ஊசியை விடுவதும் தவறு. அதே கிளினிக்கில் மஞ்சள் காமாலை ஏ வகைத் தடுப்பூசியைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். அதுவும் இதைப் போலவே அழுக்கு நீர், உணவு வழியாகத்தான் வருகிறது.

பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தார்:

சகோதரிக்கு ஒரு நடைமுறை யோசனை. நான் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் வந்த 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை ஒழுங்குமுறைகளின்படி, என் கடையில் சமைப்பவரும் பரிமாறுபவரும் பயிற்சி பெற்று, மருத்துவப் பரிசோதனை செய்து, டைபாய்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். அதனால் உணவகங்கள் நெருங்கி இருக்கும் பகுதிகளில் உள்ள கிளினிக்குகளில் இந்த ஊசி பெரும்பாலும் கையிருப்பில் இருக்கும். வீட்டருகே இல்லை என்று சொன்னால் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கம் தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இந்த ஊசியை உரிமத்திற்கான ஒரு காகிதமாகவே பலர் பார்க்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பயிற்சி வகுப்பில் ஒருவர் விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. இந்தக் கிருமிக்கு மனித உடலைத் தவிர வேறு வீடு கிடையாது. ஆட்டிலும் கோழியிலும் அது வாழாது. காய்ச்சல் தீர்ந்து நன்றாக நடமாடுபவர்களிலும் நூற்றுக்குச் சிலருடைய பித்தப்பையில் அது ஆண்டுக்கணக்கில் தங்கி, மலத்தோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். அவர் கையைச் சரியாகக் கழுவாமல் சட்னி அரைத்தால், சாப்பிடும் நூறு பேருக்கும் அது போய்ச் சேரும். அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ஊர்த் தண்ணீரின் மீது குறை சொல்வதற்காக அல்ல, திரும்பி வந்து பேரன் பேத்திக்குச் சோறு ஊட்டும் கை அது என்பதற்காக. என் அப்பாவிடம் நான் சொன்னதும் இதுதான், அவர் மறுக்கவில்லை.

ஆயர் ஈத்தாம் அண்ணன்:

தங்கைக்கு வணக்கம். என் தம்பிக்கு நடந்ததை எழுதுகிறேன். உங்களைப் பயமுறுத்துவதற்காக அல்ல, திரும்பி வந்த பிறகு செய்ய வேண்டியதைச் சொல்வதற்காக.

அவன் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு திருமணத்திற்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டுப் பினாங்கு திரும்பினான். ஊசி போடவில்லை. திரும்பி ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் தொடங்கியது. முதல் நாள் இலேசாகத்தான் இருந்தது. ஒவ்வொரு மாலையும் முந்தைய மாலையைவிடச் சற்றுக் கூடிக்கொண்டே போனது. தலைவலி, பசியின்மை, மலச்சிக்கல். வயிற்றுப்போக்கு இல்லாததால் இது வயிறு சம்பந்தப்பட்ட நோய் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. ஒரு கிளினிக்கில் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாவது இடத்தில் டெங்கிக்காக இரத்தம் எடுத்துப் பார்த்து, இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வெளிநாடு போய் வந்தாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததை நாங்களாகச் சொல்லவும் இல்லை. இடையில் வீட்டில் மீந்திருந்த எதிருயிரி (ஆன்டிபயாடிக்) மாத்திரைகள் மூன்றை அவனே விழுங்கியிருக்கிறான்.

பத்தாம் நாள் பேச்சு தடுமாறத் தொடங்கியதும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஓர் இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "கடைசியாக எந்த நாட்டுக்குப் போனீர்கள்?" என்பதுதான். இரத்தத்தில் உள்ள கிருமியை வளரவிட்டுக் கண்டுபிடிக்கும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார்கள். எதிருயிரி மருந்தை உட்கொள்வதற்கு முன்பு, முதல் வாரத்தில் இரத்தம் எடுத்தால்தான் அந்தச் சோதனையில் கிருமி அகப்படும் வாய்ப்பு அதிகம் என்றும், அப்போதும்கூட எல்லா நோயாளிகளிடத்திலும் அகப்படுவதில்லை என்றும் அவர் விளக்கினார். எங்கள் நல்ல நேரம், அகப்பட்டது. நரம்பு வழியாக மருந்து ஏற்றி, பதினான்கு நாள் வார்டில் வைத்திருந்தார்கள். கவனிக்காமல் விட்டால் மூன்றாவது வாரத்தில் குடலில் துளை விழும் அபாயம் உண்டு என்று அவர் சொன்னதை என் அம்மா இன்றுவரை மறக்கவில்லை.

ஆகவே தங்கை, திரும்பி வந்த ஒரு மாதத்திற்குள் உங்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், ஊசி போட்டிருக்கிறோம் என்று இருந்துவிடாமல், மருத்துவர் அறைக்குள் நுழைந்தவுடன் "தமிழ்நாட்டிலிருந்து இந்தத் தேதியில் வந்தோம்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

செத்தப்பாக் ஆய்வுக்கூட ஊழியர் (ஓய்வு):

மேலே அண்ணன் எழுதியதைப் படித்தபோது, இந்த நோய்க்கும் நம் கோலாலம்பூருக்கும் உள்ள ஒரு பழைய தொடர்பு நினைவுக்கு வந்தது. ஜாலான் பகாங்கில் இருந்த மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைப் பலரும் பேருந்தில் கடந்து போயிருப்பீர்கள். 1948இல் ஜோசப் ஸ்மேடல், தியோடர் வுட்வர்ட் முதலான அமெரிக்க மருத்துவர்கள் குளோராம்பெனிகால் என்ற அப்போதைய புது மருந்தை எடுத்துக்கொண்டு அங்கு வந்தார்கள். அவர்கள் வந்தது டைபாய்டுக்காக அல்ல. லாலாங் புல்லிலும் தோட்டங்களிலும் வேலை செய்தவர்களைத் தாக்கிய ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கு அந்த மருந்தைச் சோதிக்க வந்தார்கள். ஸ்க்ரப் டைபஸ் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்ட ஒருவருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு என்று பிறகு தெரிந்தது. ஆனால், அவருடைய காய்ச்சலும் இறங்கியது. அதைக் கவனித்தவர்கள் தொடர்ந்து மேலும் சில டைபாய்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, வாரக்கணக்கில் மனிதரை உருக்கிய ஒரு நோய் சில நாள்களில் தணிவதைக் கண்டார்கள். டைபாய்டை அடக்கிய முதல் எதிருயிரி மருந்து அதுதான். அது வெளிப்பட்ட இடம் நம் ஊர்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், அந்த மருந்தின் பிற்கால வரலாறுதான் இன்று ஊசி போடச் சொல்வதற்குக் காரணம். கால் நூற்றாண்டுக்குள், 1972இல் கேரளத்திலும் மெக்சிகோவிலும் அந்த மருந்துக்கு அடங்காத டைபாய்டு பரவியது. 1980களின் இறுதியில் அம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் என்ற வேறு இரு மருந்துகளும் சேர்ந்தே தோற்றன. அதன் பிறகு வந்த சிப்ரோபிளாக்சசின் இன்று தெற்காசியக் கிருமிகளில் பெரும்பாலானவற்றிடம் வலுவிழந்துவிட்டது. 2016 முதல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பரவிய வகை, நரம்பில் ஏற்றும் செப்ட்ரியாக்சோனையும் எதிர்த்து நிற்கிறது. ஆகவே, "வந்தால் மாத்திரை சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்ற பழைய தைரியத்திற்கு இப்போது இடமில்லை. தம்பி மீந்த மாத்திரையை விழுங்கியது பெரும்பாலும் நோயை மறைத்திருக்குமே தவிர, தீர்த்திருக்காது.

இன்னொரு சொல். தமிழ்நாட்டில் இருக்கும்போதே காய்ச்சல் வந்துவிட்டால், விடால் என்ற பரிசோதனையை மட்டும் பார்த்து முடிவு சொல்லும் கூடங்கள் உண்டு. 1896இல் வந்த அந்தச் சோதனை பழைய தொற்றையும் வேறு கிருமிகளையும் பிரித்தறியாமல் ஆம் என்று காட்டிவிடும். நோய் இருக்கும்போதே இல்லை என்றும் காட்டிவிடும். இரத்த வளர்ப்புச் சோதனை வேண்டும் என்று கேட்டுப் பெறுங்கள்.

செந்தூல்வாசி:

உங்கள் அனைவருக்கும் நன்றி. தாதி அம்மா சொன்னபடி நாளைக் காலை கிளினிக்குக்குப் போகிறோம். இப்போது என்னை உறுத்துவது வேறொன்று. பெரியப்பா வீட்டுப் படியேறியவுடன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதை வாங்கிக் குடிக்காமல் பையிலிருந்து புட்டித் தண்ணீரை எடுத்தால் அவர்கள் மனம் என்ன பாடுபடும்? பூசையில் பானகமும் நீர்மோரும் கொடுப்பார்கள். அதை மறுப்பது சாமியையே மறுப்பதாகாதா?

ஜார்ஜ்டவுன் அத்தை:

மகளே, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதுவரை பொறுத்திருந்தேன். நானும் என் வீட்டுக்காரரும் பத்தொன்பது ஆண்டுகளாக ஆண்டுதோறும் காரைக்குடிப் பக்கம் போய் வருகிறோம். ஓட்டலில் தங்கும் வெள்ளைக்காரப் பயணியைவிட உறவினர் வீட்டில் தங்கும் நமக்குத்தான் இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். காரணம் நீ கேட்ட இதே தயக்கம்தான். அன்போடு நீட்டிய சொம்பை யாரால் தள்ள முடியும்?

நான் செய்வதைச் சொல்கிறேன். புறப்படும் முன்பே தொலைபேசியில் அழைத்து, "பிள்ளைக்கும் அப்பாவுக்கும் டாக்டர் கொதிக்க வைத்த தண்ணீர்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், ஒரு பானை வெந்நீர் போட்டு ஆற வையுங்கள் அண்ணி" என்று வீட்டுப் பெண்களிடம் கேட்டுவிடுவேன். வந்த இடத்தில் மறுப்பது அவமதிப்பு. வருவதற்கு முன்பே உரிமையோடு கேட்பது உறவு. ஒருமுறைகூட யாரும் முகம் சுளித்ததில்லை. மாறாக, என் அண்ணி இப்போது தன் பேரப்பிள்ளைகளுக்கும் வெந்நீர்தான் கொடுக்கிறாள். நீர் நன்றாகக் கொப்புளித்து ஒரு நிமிடம் கொதித்தால் போதும். சின்ன மின்கெண்டி ஒன்றைப் பெட்டியில் எடுத்து வைத்துக்கொள். கோயில் ஊர்களின் விடுதி அறைகளில் அது பெரிய உதவி. பல் விளக்கவும் அதே தண்ணீரைப் பயன்படுத்து, குறிப்பாகச் சின்னவளுக்கு.

படியேறியவுடன் தண்ணீர் நீட்டினால் வாங்கிக்கொள், இரண்டு கையாலும் வாங்கு. "அண்ணி கையால் ஒரு காபி குடிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்" என்று சொல்லிச் சொம்பைப் பக்கத்தில் வைத்துவிடு. ஆவி பறக்கும் காபிக்கும், கண்முன் வார்த்த தோசைக்கும், கொதிக்கும் ரசத்திற்கும் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது காலையில் அரைத்து மாலை வரை வைத்திருக்கும் சட்னிக்கும், வெட்டிவைத்த பழத்திற்கும், பச்சை வெங்காயத் தயிர்ப்பச்சடிக்கும், எல்லாவற்றையும்விடப் பனிக்கட்டிக்கும். உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அது சாவதில்லை. கரும்புச்சாறு, பழச்சாறு எல்லாவற்றிலும் அதைத்தான் போடுகிறார்கள். வழியில் தாகம் எடுத்தால் இளநீர். கண்முன் சீவச் சொல்லிக் குடி.

பானகத்தைப் பற்றிக் கேட்டாய். பூசை உங்கள் பங்காளிகள் செய்வதுதானே? பானகம் கரைக்கும் தண்ணீரை முதல்நாள் இரவே கொதிக்க வைத்து ஆறவிடும் பொறுப்பை நீயே ஏற்றுக்கொள். விறகு வாங்கிக் கொடு, பக்கத்தில் நில். உன் குடும்பம் மட்டும் இல்லை, அன்று அங்கே கூடும் அத்தனை பிள்ளைகளும் நல்ல தண்ணீர் குடிப்பார்கள். கோயில்களில் தீர்த்தம் கொடுத்தால் கண்ணில் ஒற்றித் தலையில் தெளித்துக்கொள். நான் அப்படித்தான் செய்கிறேன், சாமி என்னிடம் கோபித்துக்கொண்டதில்லை.

செந்தூல்வாசி:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன். அப்பா, மகன், நான் மூவரும் ஊசி போட்டுக்கொண்டோம். அப்பாவுக்கு ஒரு நாள் கை வலித்தது; மகனுக்கு இரவு சற்று உடல் சுட்டது, காலையில் சரியாகிவிட்டது. சின்னவளுக்கான இணைப்பு வகை ஊசிக்காக ஐந்து குழந்தைநல மருத்துவர்களை அழைத்தேன். இந்தக் குறுகிய நாளில் எங்கும் கையிருப்பில் இல்லை. அவளுக்குத் தாய்ப்பாலும் வெந்நீரும் நான் கையால் ஆக்கிய கஞ்சியும்தான் என்று முடிவு செய்திருக்கிறேன். மின்கெண்டியும் வாங்கியாகிவிட்டது.

அப்பா ஒத்துக்கொண்டது உணவகத்தார் சொன்ன அந்தச் சொல்லால்தான். பேத்திக்குச் சோறு ஊட்டும் கை என்றதும் அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தாம் பிறப்பதற்கு முன்பே தம் அக்கா ஒருத்தி தோட்டத்தில் விடாத காய்ச்சலில் இறந்துபோனதாகப் பாட்டி சொல்வார் என்றார். அது என்ன காய்ச்சல் என்று அந்தக் காலத்தில் யாரும் பார்க்கவில்லை. இவ்வளவு நாள் எங்களிடம் அவர் இதைச் சொன்னதே இல்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து, "கிளம்பு" என்றார்.

நேற்றிரவு அத்தை சொன்னபடி பெரியம்மாவை அழைத்தேன். வெந்நீருக்குத் தனிப் பானை வைத்துவிடுவதாகச் சொன்னார்கள். பானகத்திற்குப் பெரிய அண்டாவும் கிடைத்துவிட்டது.

பட்டர்வொர்த் தாதி:

நல்லது சகோதரி. ஊசி அட்டைகளை நிழற்படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊசியின் ஆண்டையும் அதில் குறித்துவிடுங்கள். அப்பாவின் மாத்திரைகளை மூன்று வாரத்திற்கு மேல் ஒரு வாரம் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். குழந்தைக்கு அங்கே காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் ஒரு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டாம். திருச்சி நகரத்திற்கே அழைத்துச் சென்றுவிடுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் ஆறேழு இப்போதே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.